நீலம் விழுந்தால் சம்மதம்

வாழைக்கறை ஏறிய விரலை அந்த போன் ஒருநாளும் மதித்ததில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் வாங்கிய அன்றே அது தெரிந்துபோனது. பூட்டுத் திறப்பதற்கு ஆண்டியின் கட்டைவிரலைப் பதியவைக்கப் பார்த்தான் கடைக்காரன். ஒற்றினான், துணியால் துடைத்து ஒற்றினான், தண்ணீர் தொட்டு ஒற்றினான். கடைசியில் கையை விட்டுவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு ரேகையே இல்லண்ணே" என்றான்.

மீசை முளைக்காத வயசிலிருந்து வாழை இலை அறுத்த கை. ஒரு கறை காய்ந்து கறுக்கும், அதன்மேல் இன்னொரு கறை ஏறும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தோல் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. ரேகைக்கு அங்கே ஏது இடம்?

"ரேசன் கடை மெசினும் இதையேதான் சொல்லுது. விடுப்பா, பூட்டே வேணாம். உள்ளாற என்ன நகையா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே பூட்டில்லாத போனை வாங்கிக்கொண்டு வந்தான் ஆண்டி.

அதுவரைக்கும் அவனிடம் இருந்தது பட்டன் போன். வரப்பில் விழும், சேற்றில் விழும், எடுத்து உதறினால் பேசும். ஒரு தடவை கரண்டு காட்டினால் வாரம் முழுக்க உயிரோடு கிடக்கும். அதை விட்டுவிட்டு இதற்கு வந்தது ஸ்ரீரங்கம் வேதாந்தத்துக்காக. வேதாந்தம் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். ஸ்ரீரங்கத்து மண்டபங்களில் பாதி முகூர்த்தம் அவர் அடுப்பில்தான் வேகும். அவருடைய பந்திக்கு இலை போடுகிறவன் ஆண்டி. அதைச் சொல்லித்தான் மற்ற சமையல்காரர்களிடமும், திருவானைக்காவல் மெஸ்களிலும் அவன் இலை விற்றது. 'வேதாந்தம் சாமிக்குப் போடுற இலை' என்றால் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வேதாந்தம்தான் ஒருநாள் சொன்னார். "ஆண்டி, நீ இந்த டப்பா போனைக் கட்டிண்டு அழறவரைக்கும் நமக்குச் சரிப்படாது. கை நிறைய நெய்யும் மாவுமா நிக்கச்சே ஒனக்கு போன் போடணும், நீ எங்கயோ தோட்டத்துக்குள்ள இருப்ப, எடுக்க மாட்ட, நான் மறுபடி போடணும். பேசாம வாட்சப்புக்கு வந்துடு."

"எனக்கு எழுத வராதுங்களே சாமி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதுவும் பஸ் போர்டு அளவுக்குத்தான்."

"நீ எழுதவே வேண்டாம்ப்பா. நான் எழுதறேன், நீ பாரு. நீ பார்த்தேன்னா இங்க என் போன்ல ரெண்டு கோடு நீலமா மாறிடும். நீலம் விழுந்தா ஒத்துண்டேன்னு அர்த்தம். நான் நிம்மதியா அடுத்த காரியத்தைப் பார்ப்பேன். முடியாதுன்னா மட்டும் நீ கூப்பிடு. சரியா?"

எழுதத் தெரியாத ஆண்டிக்கும், எழுதிவிட்டுக் காத்திருக்க நேரமில்லாத வேதாந்தத்துக்கும் இதைவிடத் தோதான ஏற்பாடு உண்டா? ஆண்டி வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளி எட்டாவது படித்தவள். அவளுக்கு அது உடனே செமிக்கவில்லை.

"பாத்தாலே ஒத்துக்கிட்ட மாதிரியா? இது என்னங்க நாயம்?"

"பாத்தா பாத்தமாதிரி. அதுல என்ன நாயம் வேண்டிக் கெடக்கு?"

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும்தான் குறுகுறுன்னு பாத்தீங்க. ஒத்துக்கிட்டீங்களா? ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்னுதானே ஒங்காத்தா சொல்லிட்டுப் போச்சு?"

"அன்னிக்கி இந்த போனு இல்லாமப் போச்சு. இருந்திருந்தா நீலத்தைக் காமிச்சு ஒங்கப்பன் அன்னிக்கே தாலியக் கட்டச் சொல்லியிருப்பாரு. நான் தப்பிச்சிருக்கவே முடியாது."

"இப்ப மட்டும் தப்பிச்சிட்டீங்களாக்கும்."

குறை சொல்வதற்கு முன்னால் நிறையையும் சொல்லிவிட வேண்டும். அந்த போன் வந்தபிறகு ஆண்டி விடிவதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக்குப் போய் வேதாந்தத்தின் வீட்டுப் பின்வாசலில், அவர் எழுந்து வந்து எத்தனை இலை என்று சொல்லும்வரைக்கும் காத்துக் கிடப்பது நின்றது. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று படம் போட்டுக் காட்டியது. அறுத்த கட்டைப் படம் பிடித்து அனுப்பினால் சமயபுரத்திலிருந்துகூட ஆள் கேட்டது. பெட்டவாய்த்தலைப் பக்கம் தண்ணீர் திறந்துவிட்ட சேதி கரையில் தண்டோரா போடுவதற்கு முன்னாலேயே அவன் சட்டைப்பைக்குள் வந்து சிணுங்கியது. ராத்திரி படுக்கும்போது அதைத் தலைமாட்டில் வைத்துத் துணி போட்டு மூடினான். "புள்ளைக்குக்கூட நீங்க இப்புடி மூடிவிட்டதில்ல" என்று ஆனந்தவள்ளி சொல்லிக்காட்டினாள். பிள்ளை என்றது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட மகனை.

குறை என்றால், வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலத்துக்குள் உயிர் போய்விடும். மழைத்துளி விழுந்தால் பேய் பிடித்த மாதிரி தானாகவே எதையாவது திறக்கும், எதையாவது மூடும். கறைக்கை பட்டால் அசையாது. மணிக்கட்டை மடக்கிப் புறங்கையால் தட்டித்தான் ஆண்டி அதை எழுப்புவான். மழையும் கறையும் இல்லாத நாள் இலைக்காரனுக்கு ஏது? போனைச் செய்தவன் நிழலில் உட்கார்ந்து காய்ந்த கையோடு வேலை பார்க்கிறவனாக இருந்திருப்பான்.

*

ஜீயபுரத்தைத் தாண்டி, உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தது தோட்டம். பூவன் வாழை. தோட்டம் வேறொருவருடையது, இலை அறுத்துக்கொள்ளும் உரிமை மட்டும் ஆண்டிக்கு. அறுக்கிற பருவத்தில் அறுத்தாக வேண்டும். விட்டால் இலை முற்றும், காற்று வந்து நார் நாராகக் கிழித்துப் போடும். கிழிந்த இலையோடு மரம் நிற்பதைத் தோட்டக்காரர் இரண்டு தடவை பார்த்தால் மூன்றாம் தடவை வேறு ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

ஆவணி மாசம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். அன்றைக்கு ஆனந்தவள்ளி பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் கொடி கட்டப் போயிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணி ரயில் கடகடவென்று போகும்போது சடசடவென்று மழையும் பிடித்துக்கொண்டது. அவளும் கூட இருந்த பெண்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி அவித்த கடலை வைத்திருந்தாள். உரித்துத் தின்றுகொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் ஆனந்தவள்ளி உப்புப் போட்டு அவித்த கடலையை வாயில் வைக்கவில்லை.

மழை விட்டதும் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வாய்க்கால் கரைமேல் ஆண்டி உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில் போட்டிருந்தான். கை புடலங்காய் மாதிரி வீங்கிப் பளபளத்தது. இடது கையில் போனை வயிற்றோடு சேர்த்து நனையாமல் அணைத்திருந்தான். பல்லெல்லாம் ரத்தம்.

"சருகுக்குள்ள கெடந்துச்சு வள்ளி" என்றான். "கண்ணாடி விரியன். ரயிலு போயிக்கிட்டிருந்துச்சு. கத்துனேன், யாருக்கும் கேக்கல. ஒனக்குப் போட்டுப் பாத்தேன். போவ மாட்டேங்குது. தொடத் தொட எங்கெங்கயோ போவுது."

அவள் கத்திய கத்தலில் இலை ஏற்ற வந்த மன்சூர் ஓடிவந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆண்டியின் இலையைத் தினமும் டவுனுக்கு ஏற்றிப் போகிறவன். மெஸ்களுக்காக அறுத்துக் கட்டியிருந்த இலைக்கட்டுகளை வண்டியில் பரப்பி அதன்மேல் ஆண்டியைக் கிடத்தினார்கள். ஆனந்தவள்ளி தலையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கரூர் ரோட்டில் பறந்தது. குடமுருட்டிப் பாலம் தாண்டும்போது பார்த்தாள், வாயிலிருந்து வழிந்த ரத்தம் பச்சை இலையில் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. வாழை இலையில் எதுதான் ஒட்டும்?

போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, ஊசி போட்டு, ரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில் அது தன் உயிரை விட்டிருந்தது. யார் கவனித்தார்கள்? விடியற்காலையில் வேதாந்தம் கூப்பிட்டிருக்கிறார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அதெல்லாம் செத்த போனுக்குள் எப்படிக் கேட்கும்?

உயிர் தங்கியது. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தங்கவில்லை. கறுத்துப்போய்விட்டது, எடுத்தால்தான் கை மிஞ்சும் என்றார்கள். எடுத்தார்கள்.

*

மன்சூர்தான் அந்தக் குரலைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் ஆனந்தவள்ளி பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவன் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வழக்கமாகக் கிண்டலோடு வருகிறவன் அன்றைக்குப் போனை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மன்சூரு, மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?"

"அண்ணி, ஒண்ணு போட்டுக் காட்டுறேன். கேட்டுட்டு அண்ணங்கிட்ட சொல்லிப்புடாதீங்க."

போனை அவள் காதோரம் வைத்தான். வேதாந்தத்தின் குரல். கோபத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

'எல்லாருக்கும் அடியேன் நமஸ்காரம். ஜீயபுரம் ஆண்டின்னு இலை போடறவன் ஒருத்தன். மெசேஜைப் பார்த்துட்டு, நீலமும் விழுந்தப்புறம், போனை ஆஃப் பண்ணிண்டு ஒக்காந்துட்டான். முகூர்த்தத்தன்னிக்கு என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டான். நேக்கு நேர்ந்தது ஒங்களுக்கும் நேர வேண்டாம். அவனை யாரும் நம்பாதீங்கோ.'

ஆனந்தவள்ளி பன்னைக் கீழே வைத்தாள். "யாருக்குப் போட்டுருக்காரு இதை?"

"சமையக்காரங்க குரூப்பு அண்ணி. நாப்பது பேரு இருக்காங்களாம். அங்கேர்ந்து மெஸ்ஸுக்காரங்களுக்கு, அங்கேர்ந்து எனக்கு. திருவானக்கோயில் மெஸ்ஸுல காலையில சொல்லிட்டாங்க, அந்தாளு இலை இனிமே வேணாம்பான்னு."

"பாம்பு கடிச்சுக் கெடக்காருன்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன் அண்ணி, அல்லா மேல சத்தியமா. 'அப்புடியா, பாவம்'னாரு மெஸ்ஸுக்காரரு. அப்பறம், 'கடிச்சது ராத்திரியாத்தான் இருக்கும், மெசேஜ் சாயங்காலமே பாத்துட்டானாமே'ங்கிறாரு. இவரு கூட நின்னு பாத்தவரு மாதிரி."

"எங்கருந்து வந்துச்சு அந்த மெசேஜு? அவரு ஒண்ணுமே சொல்லலியே எங்கிட்ட."

"அது தெரியல. ஆனா அண்ணி, அந்த சாமி வாயால சொன்னது, அந்த சாமி வாயாலதான் மாறணும். நானோ நீங்களோ சொல்லி எடுபடாது. தோட்டக்காரரு வேற நேத்து வந்து பாத்துட்டுப் போனாரு. எலை முத்துது, என்னப்பா பண்ணப்போறீங்கன்னு கேட்டாரு. வேற ஆளு வந்து எட்டிப் பாத்துட்டும் போயிட்டான்."

"வெட்டிருவேன்" என்றாள் ஆனந்தவள்ளி. "எலையத்தான் சொல்றேன். நான் அறுத்துருவேன். அறுத்து யாருக்குக் குடுக்குறது?"

*

ஆண்டியைப் பக்கத்துப் படுக்கைக்காரர் பெண்டாட்டியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். போனுக்குக் கரண்டு ஏற்றி மடியில் வைத்திருந்தாள். காவிரிப் பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்தது. ஆறு நிறையத் தண்ணீர் போனது. சன்னலோரத்தில் ஒருத்தி அதைப் போனில் படம் பிடித்தாள்.

வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது வேதாந்தத்தின் சமையல் கொட்டகை. ஆனந்தவள்ளி கொல்லைப்பக்கம் போய் நின்றாள். இலைக்கட்டு இறங்குகிற இடம் அது. அன்றைக்கும் அங்கே கட்டு இருந்தது. குனிந்து பார்த்தாள். மேலே நல்ல இலை, அடியில் வெயிலில் வதங்கிய இலை. நார் போட்டுக் கட்டாமல் பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

உள்ளே பெருங்காய வாசனை. சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். வேதாந்தம் வெளியே வந்தார். அறுபதைத் தாண்டிய ஆள். நெற்றியில் வியர்வையோடு திருமண் கரைந்திருந்தது. நெய் படாமலிருக்கத் தன் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் ஒரு நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது.

"வாம்மா. ஆண்டிக்கு எப்படி இருக்கு? கேள்விப்பட்டேன். பெருமாள் காப்பாத்தினார்."

"உசுரு இருக்குங்க சாமி. ரெண்டு வெரலு போயிருச்சு."

"அடடா." திரும்பி, "ஏய், ஒரு டம்ளர் மோர் கொண்டா" என்றார். மோர் காகிதக் கப்பில் வந்தது. ஆனந்தவள்ளி அதை வாங்கித் துவைக்கிற கல்மேல் வைத்தாள்.

"சாமி, நீங்க பேசுனதக் கேட்டேன். அதுக்குத்தான் வந்தேன்."

"அதுவா." அவர் குரல் இறுகியது. "சொல்றேன் கேட்டுக்கோம்மா. அன்னிக்கு என் நிலைமை என்னன்னு ஒனக்குத் தெரியாது. பிள்ளையாத்துக்காரா பெங்களூரு. மொதப் பந்திக்குப் பெரியவாளுக்கெல்லாம் நுனி இலைதான் போடணும்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கா. விடியக்காலம் இலையைக் காணும். ஆண்டி போன் செத்துக் கிடக்கு. நான் ஆளை விட்டுக் கடை கடையா அலைஞ்சு, கிடைச்சது என்ன? ஏடு. நடுவுல நறுக்கின துண்டு ஏடு. அதைப் போட்டேன். மாப்பிள்ளையோட பெரியப்பா எழுந்துட்டார். சாதத்துல சாத்துமுது விட்டாச்சு, எழுந்துட்டார்! 'வேலையாட்களுக்குப் போடற ஏட்டைப் போட்டு எங்களை ஒக்கார வச்சிருக்கேளா'ன்னார். அவர் பின்னாடி ஒரு வரிசையே எழுந்துடுத்து. பொண்ணோட தோப்பனார் பந்திக்கு நடுவுல என்னைப் பார்த்து அழறார். நாப்பது வருஷமா இந்த ஊர்ல அடுப்பு மூட்டறேன். ஒருத்தர் பாதிச் சாப்பாட்டுல எழுந்து நான் பார்த்ததில்ல."

"தப்புத்தாங்க சாமி. இல்லேங்கல. ஆனா அவரு பாத்துட்டு வேணும்னு பண்ணலிங்க."

"பார்க்காம எப்படிம்மா நீலம் விழும்? பார்த்தா ஒத்துண்டதா அர்த்தம், முடியாதுன்னா கூப்பிடுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே நடக்கறது? ஒருநாள் தப்பினதுண்டா? இந்தா, நீயே பாரு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்காதே."

பிளாஸ்டிக் பையோடு போனைத் தேய்த்து அந்தச் செய்தியை எடுத்தார். அதை அழுத்திப் பிடித்து இன்னொரு பக்கம் திறந்தார். அவள் கண்ணுக்கு நேராக நீட்டினார். "பார்த்த நேரம்கூடப் போட்டிருக்கு. நாலு மணி ஏழு நிமிஷம். பாம்பு கடிச்சது எப்போ? ராத்திரிதானே ஆஸ்பத்திரிக்குப் போனேள்?"

ஆனந்தவள்ளி படித்தாள். எட்டாவது படித்த கண் அதைப் படித்தது. மறுபடி படித்தாள். காதுக்குள் கடகடவென்று ரயில் போனது. நாக்கில் கடலை உப்பு கரித்தது.

"நாலு மணி ரயிலு போறப்பதாங்க சாமி கடிச்சுது" என்றாள்.

"என்ன?"

"ரயிலு போறப்பதான் கடிச்சுது. அவரே சொன்னாரு. ரயில் சத்தத்துல அவரு கத்துனது யாருக்கும் கேக்கலன்னாரு. மழையும் அப்பதான் பிடிச்சுது. நான் கொடிக்கால்ல நின்னேன், எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே விளங்கிக்கொண்டு வந்தது. "எனக்குப் போடப் பாத்திருக்காரு. பூட்டு இல்லாத போனு. ஒங்க மெசேஜு அப்பத்தான் வந்திருக்கும், மேலாப்புல நின்னுருக்கும். கையெல்லாம் கறை, போனெல்லாம் தண்ணி, கடிச்ச கையில தடவியிருக்காரு. என் பேரைத் தொட்டா ஒங்க பேருல்ல தொறந்துக்கிட்டிருக்கு. தொடத் தொட எங்கெங்கயோ போவுதுன்னாரு சாமி. அவரு ஒங்க மெசேஜைப் பாக்கல. உசுருக்குத் தடவிக்கிட்டு இருந்தாரு. அதுதான் ஒங்களுக்கு நீலமா வந்திருக்கு."

கிழங்கு உரிக்கிற சத்தம் நின்றிருந்தது. வேதாந்தம் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். துவைக்கிற கல்லின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"பெருமாளே" என்றார். பிறகு யாரிடமோ வழக்காடுகிற மாதிரி, "ஆனா நீலம் விழுந்துடுத்தேம்மா. நான் என்ன பண்ணுவேன்? நீலம் விழுந்துடுத்து, நான் நிம்மதியா ரவை வறுக்கப் போயிட்டேன்" என்றார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சாமி. அன்னிக்கிப் பேசுன மாதிரி இன்னொரு தடவை பேசுங்க. அந்த நாப்பது பேருக்கும் கேக்குற மாதிரி. அப்பறம் நாளையிலேர்ந்து ஒங்க பந்திக்கு நான் எலை போடுறேன். நானே அறுக்குறேன். அவரு கையளவு எனக்கும் தெரியும்."

அவர் தயங்கினார். கொல்லையில் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றுக் கட்டைப் பார்த்தார்.

"பேசறேன். பேசறது என் கடமை. ஆனா பந்திக்கு இலை... குளித்தலைக்காரன் ஒருத்தனுக்குச் சொல்லியாச்சும்மா. வருஷம் பூரா ஒப்பந்தம். வண்டி எங்க வந்துண்டிருக்குன்னு போன்லயே படத்துல ஓடிண்டு வர்றது. அவன் ஒரு ஆள் படுத்தா இன்னொரு ஆள் வருவான். நீ ஒத்தைப் பொம்மனாட்டி. நாளைக்கு ஒனக்கு ஒரு ஜுரம்னா நான் மறுபடி யார் கால்ல விழறது?"

"அடியில வெச்சிருக்கிற எலைய நீங்க பாத்தீங்களா சாமி?"

"பார்த்தேன்" என்றார் வேதாந்தம். "ஆனா வந்துடறதே."

பிறகு அவர் போனை வாயருகில் வைத்துக்கொண்டு பேசினார். நன்றாகத்தான் பேசினார். தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். விரியன் என்றார், விரல் என்றார், ஆண்டி நல்லவன் என்றார். சொன்னதில் நடிப்பில்லை. பேசி முடித்து, "ஆண்டி நம்பரையும் குரூப்பில சேர்த்துட்டேன். நீயே எல்லாரையும் பார்த்துக்கலாம்" என்றார்.

மோர் அப்படியே இருந்தது. காகிதக் கப்பில் ஓர் எறும்பு சுற்றி வந்துகொண்டிருந்தது.

*

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே மடிக்குள் போன் துடிக்க ஆரம்பித்தது. மாம்பழச் சாலையில் துடித்தது, பாலத்தின்மேல் துடித்தது, சத்திரத்தில் இறங்கும்போதும் துடித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். எழுத்தே இல்லை. ஒவ்வொருவரும் கும்பிடுகிற கையைப் போட்டிருந்தார்கள். சிலர் ஒன்று, சிலர் மூன்று. ஒருவர் அழுகிற மூஞ்சியும் போட்டிருந்தார்.

கைகள் வந்துகொண்டே இருந்தன. ஆண்டியை வீட்டுக்கு அழைத்து வந்த நாள்வரைக்கும் ஒன்றிரண்டு வந்தன. அப்புறம் அதே குழுவில் யாரோ கேட்டரிங்குக்குப் பந்தல் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், யாரோ வெண்கல உருளி விற்பதாகப் படம் போட்டார்கள். கைகள் மேலே போய்விட்டன. இலை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினாள். "கேட்டேம்மா, மனசே சரியில்ல" என்றார்கள். "இப்ப வேற ஆளு போட்டுக்கிட்டிருக்கான், பாப்போம்" என்றார்கள்.

ஆண்டி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். கட்டுப் போட்ட கை தலையணைமேல் தனியாக, யாருடையதோ மாதிரி கிடந்தது. ஒரு சாயங்காலம் இடது கையால் போனை வாங்கிப் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனான்.

"என்ன வள்ளி இது, எல்லாரும் கும்புட்டுருக்காங்க?"

"ஒங்களைத்தான்."

"என்னைய எதுக்குக் கும்புடுறாங்க? நான் என்ன சாமியா, செத்தா போனேன்?"

"தெரியல. பாருங்க, எல்லாம் நல்ல கையா இருக்கு. அஞ்சு வெரலும் இருக்கு."

ஆண்டி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. வெளியே காற்று எழுந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் வாழை இலைகள் கிழிபடுகிற சத்தம் துணியைக் கிழிப்பது போல இங்கே வரைக்கும் கேட்டது. 

போன் சிணுங்கியது. ஆண்டி அதைச் சட்டென்று கட்டில்மேல் போட்டுவிட்டான். சூடு பட்ட மாதிரி.

ஆனந்தவள்ளி குனிந்து பார்த்தாள். வேதாந்தத்தின் பேர். அதற்குக் கீழே முதல் வரி மட்டும் தெரிந்தது: 'ஆனந்தவள்ளிக்கு, நாளைக்கு இலை'. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் திறக்க வேண்டும். திறந்தால் அங்கே நீலம் விழும்.

"என்னாவாம்?" என்றான் ஆண்டி.

அவள் முந்தானையால் விரலைத் துடைத்தாள். அவள் விரலில் ரேகை இன்னும் இருந்தது. தொட்டாள். தொட்டதும் திறந்துகொண்டது.

'ஆனந்தவள்ளிக்கு, நாளைக்கு இலை வேண்டும். ஏடு இருநூறு போதும். பந்திக்கு இல்லை. சமையல் ஆட்கள் சாப்பிட. கிழிசலானாலும் பரவாயில்லை. கொல்லைப்பக்கம் போட்டுவிடு. ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான்.'

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். 'ஏடு' என்ற இடத்தில் ஆண்டி கண்ணை மூடிக்கொண்டான். அவன் அப்பன் காலத்திலிருந்து வேதாந்தம் வீட்டுப் பந்திக்கு நுனி இலையைத் தவிர வேறு போட்டதில்லை.

"முடியாதுன்னு கூப்புட்டுச் சொல்லு" என்றான்.

காற்று மறுபடி எழுந்தது. ஆனந்தவள்ளி கூரை எரவாணத்தைப் பார்த்தாள். இலை அறுக்கிற கத்தி அங்கே இருந்தது, தோட்டத்தில் கிடந்ததை மன்சூர் எடுத்துவந்து செருகியது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"என்ன வள்ளி? ஒத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் கத்தியை உருவினாள்.